மாடி ஜிம்மில் நானும் ஆபாவும்

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்து எடுக்க ஆல்டருக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். அப்பமும் திராட்சரசமும் வாங்கினேன். ஆயர் ஆசீர்வாதம் சொன்னதும் எங்கள் வரிசை எழுந்தது. நான் மட்டும் எழவில்லை. எழ முடியவில்லை.

வலித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். வலி கொஞ்சமும் இல்லை. எழுந்திரு என்று நான் சொல்கிறேன், தொடை கேட்கவில்லை, அவ்வளவுதான். மரக் கிராதியை இரண்டு கையாலும் பிடித்து உந்திப் பார்த்தேன். கிராதிதான் ஆடியது. பின்னால் அடுத்த வரிசை காத்து நிற்கிறது. பக்கத்தில் இருந்த பெண் குனிந்து, என் அக்குளில் கைகொடுத்து, "மெதுவா டீச்சர், மெதுவா" என்று தூக்கி நிறுத்தினாள்.

என் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் சூடாக இருந்தது. ஆனால் பாட்டு முடிவதற்குள் வெட்கம் போய் வேறொன்று வந்துவிட்டது. இந்தக் கால்கள்தானே முப்பது வருஷத்துக்கு மேல் ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நாள் முழுக்க நின்று அறிவியல் பாடம் நடத்தின? அந்தப் பலம் எங்கே போனது? ஒரு நாளில் போயிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்போது எனக்கு ஏன் தெரியவில்லை?

கரும்பலகையில் ஒரு கை வரைந்து, மேல்தசை சுருங்கினால் கீழ்த்தசை தளரும் என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது, அதற்கும் ஒரு கதை இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் புரிந்தது. கணவர் இறந்த பிறகு என்னிடமிருந்து எல்லாப் பாரத்தையும் ஒவ்வொன்றாக வாங்கி வைத்துவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகன், தண்ணீர் கேன் போடுகிறவரிடம் கேனை ஸ்டாண்டிலேயே ஏற்றிவிடச் சொல்லியிருந்தான். சிலிண்டருக்குச் சக்கரம் வைத்த பலகை வாங்கித் தந்தான். அரிசி மூட்டையைக் கடைக்காரரே உள்ளே கொண்டுவந்து டிரம்மில் கொட்டிவிடுவார். முழங்கால் வலிக்கிறது என்று ஒரு டாக்டரிடம் போனபோது, கீழே உட்காராதீர்கள், படி ஏறாதீர்கள், கனமாக எதையும் தூக்காதீர்கள் என்றார். நல்ல மாணவியைப் போல எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன். எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள். நானும் அன்பாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவர். எங்கள் தெருவே அவரை ஆபா என்றுதான் கூப்பிடும். உருதுவில் அக்கா என்று அர்த்தம். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மெஷினில் உட்கார்ந்தே வாழ்க்கையின் பாதியைக் கழித்தவர். அவரிடம் சர்ச்சில் நடந்ததைச் சொன்னேன்.

"அட, இதுக்கா பேஜார் பண்றீங்க? நான் தொழுகைய நாற்காலிக்கு மாத்தி ரொம்ப நாளாவுது" என்றார். "கீழ உக்காந்தா யாராவது வந்து தூக்கணும். யார் வருவாங்க?"

"எப்போதிலிருந்து ஆபா?"

அவர் யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை.

அந்த வாரமே வேலூருக்குப் பஸ் ஏறி, ஒரு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்குப் போனேன். ஆபாவையும் இழுத்துக்கொண்டு போனேன். பள்ளிகொண்டா தாண்டும் வரை அவர், "இன்னாத்துக்கு டீச்சர்? வயசாச்சுன்னு சொல்லப் போறாங்க. அத இங்கயே நான் சொல்றேன், பஸ் சார்ஜ் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் முப்பது வயதுப் பெண். ரத்த அழுத்தம் பார்த்தார், பழைய சீட்டுகளைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைக் காட்டி, "கைய மார்புக்குக் குறுக்க கட்டிக்குங்க மேடம். கை ஊனாம எழுந்திருங்க" என்றார். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. பாதி எழுந்து, திரும்ப நாற்காலியில் தொப்பென்று விழுந்தேன். ஆபாவும் அப்படியே விழுந்தார். அடுத்து, கையால் அழுத்திப் பிடிக்கும் ஒரு கருவியைக் கொடுத்தார். என் பிடி சுமார்தான். ஆபா அழுத்தியதும் முள் எங்கேயோ போய் நின்றது.

"அம்மா, கையில இன்னா வேலை பாத்தீங்க?" என்று அந்தப் பெண் வியந்து கேட்டார்.

"தோல இழுத்துப் பிடிச்சுத் தச்சேன்மா. விட்டா தையல் கோணிடும்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரே உடம்பில் விரல்கள் இளமையாகவும் தொடைகள் கிழமாகவும் இருக்கின்றன. அப்படியானால் வயது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறுவதில்லையா?

நான் என் கேள்வியைக் கேட்டேன். "தினமும் வாக்கிங் போறேன் டாக்டர். அப்புறமும் ஏன் இப்படி?"

"நடக்கறது ரொம்ப நல்லது மேடம், விட்டுடாதீங்க. ஆனா உங்க தொடைக்கு அது பழகின வேலை. அதனால புதுசா எதுவும் கட்டாது. கொஞ்சம் கஷ்டமான வேலை குடுத்தாதான் தசை வளரும்."

"இந்த வயசுலயும் வளருமா?"

"வளரும். மெதுவா வளரும். எலும்புக்கும் நல்லது, கீழ விழற பயமும் கம்மியாகும். சுகருக்கும் உதவும்."

"வெயிட் தூக்கவே கூடாதுன்னாங்களே."

"தப்பா தூக்கக்கூடாது. திடீர்னு ஜாஸ்தி தூக்கக்கூடாது. தூக்கவே கூடாதுன்னு இல்ல."

ஆபா என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமும் இதைக் கேட்காமல் போனோமே என்று இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது.

வீட்டில் செய்ய அந்தப் பெண் நாலைந்து பயிற்சி காட்டினார்: நாற்காலியிலிருந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, படிக்கட்டில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது. கீழே விழுந்தால் எப்படி எழுவது என்பதையும் பாயில் படுக்கவைத்துச் சொல்லிக் கொடுத்தார். "இது சுலபமா வர ஆரம்பிச்சதும் நிறுத்திடாதீங்க, வெயிட் கூட்டுங்க. உங்க ஊர்ல நல்லா சொல்லித் தர்ற இடம் இருந்தா போங்க" என்றார்.

எங்கள் ஊரில் ஒரு ஜிம் இருந்தது. பஜாரில், கம்பெனிகள் தள்ளிவிட்ட ஷூக்களை விற்கிற ஒரு கடையின் மாடியில். காலையும் மாலையும் இளைஞர்கள். பதினோரு மணிக்கு மேல் பெண்களுக்கு மட்டும். மாடி ஏறுவதற்கே நடுவில் நின்று மூச்சு வாங்கினோம். மேலே போனால், கண்ணாடிக்கு முன்னால் டிராக் பேன்ட் போட்டு நின்ற பெண் என்னைப் பார்த்ததும் விறைப்பாகிவிட்டாள்.

"குட் மார்னிங் டீச்சர்!"

என் பழைய மாணவி. வாலிபால் டீமில் இருந்தவள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்; கணவன் நடத்தும் ஜிம்மில் பெண்கள் நேரத்தை இவள் பார்த்துக்கொள்கிறாள். பிசியோதெரபிஸ்ட் எழுதித் தந்ததை வாங்கிப் படித்தாள். எங்களை உட்கார்ந்து, நின்று, குனிந்து காட்டச் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, "டீச்சர்... முதுக நேரா வைங்க" என்றாள்.

அவளிடம் அதே வார்த்தையை அதே குரலில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அவளுக்குக் கூச்சம் போய்விட்டது. கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது என்று சொல்லலாம்.

முதல் வாரம் கையில் கொடுத்த டம்பெல் பொம்மை மாதிரி இருந்தது. ஆபாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "இன்னா இது, கிலுகிலுப்பையா?" என்று கேட்டார். மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து குரல் வந்தது. "டீச்சர், உங்களுக்கும் தொட பிடிச்சுக்கிச்சா?" எனக்கும் பிடித்துக்கொண்டிருந்தது. மாணவியிடம் கேட்டால், இந்த மாதிரி மந்தமான வலி ரெண்டு நாளில் போய்விடும், மூட்டில் சுருக்கென்று குத்தினால் உடனே சொல்லுங்கள், அது வேறு என்றாள். வலியிலும் வகை உண்டு என்று அன்றுதான் கவனித்தேன். அதற்கு முன் எல்லா வலிக்கும் ஒரே தைலம்தான் தடவியிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது தரையிலிருந்து எடை தூக்குவது. பிடி வைத்த ஒரு இரும்புக் குண்டு. அதைக் கால்களுக்கு நடுவில் வைத்து, இடுப்பை மடக்கி, முதுகை நேராக வைத்து, தரையைக் காலால் தள்ளி எழ வேண்டும். "கையால தூக்காதீங்க டீச்சர். கை வெறும் கொக்கி. கால்தான் தூக்கணும்" என்பாள். பள்ளியில் நெம்புகோல் பாடம் நடத்தும்போது கடப்பாரையும் கல்லும்தான் உதாரணம் சொல்வேன். என் இடுப்பே ஒரு நெம்புகோல் என்று அறுபது வயது தாண்டி, பஜார் சத்தத்துக்கு நடுவில் கற்றுக்கொண்டேன்.

சாப்பாட்டையும் பார்க்கச் சொன்னார்கள். பருப்பு, முட்டை, சுண்டல், மீன் எல்லாம் கூட வேண்டும் என்று. நான் காலையில் இட்லியோடு ஒரு முட்டை சேர்த்துக்கொண்டேன். ஆபா வேறு மாதிரி புரிந்துகொண்டார். "பிரியாணில இனிமே கறி ஜாஸ்தி, அரிசி கம்மி. டாக்டரே சொல்ட்டாங்க" என்று மருமகளுக்கு உத்தரவு போட்டார்.

மகனிடம் சொல்ல கொஞ்ச நாள் ஆனது. வீடியோ காலில் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"ஜிம்மா? அம்மா, இன்னாம்மா இது? ஏதாவது பிடிச்சுக்கிட்டா நான் இங்கேர்ந்து எப்டி ஓடி வருவேன்?"

"நீ ஓடி வரக்கூடாதுன்னுதான்டா போறேன்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பயம் எனக்குத் தெரியும். அப்பா போன பிறகு அவனுக்கு மிச்சம் இருப்பது நான் மட்டும்தான். அதனால் வாதாடவில்லை, பிசியோதெரபிஸ்டோடு அவனைப் பேசவைத்தேன். அப்புறமும் ஒவ்வொரு போனிலும், "பாத்து, பாத்து" என்பான்.

மழைக்காலத்தில் ஒரு காலை நான் விழுந்தேன். வாஷிங் மெஷினிலிருந்து வந்த சோப்புத் தண்ணீர் பின்கட்டில் தேங்கியிருந்தது. துணி உலர்த்தப் போன எனக்குக் கால் வழுக்கியது. பக்கவாட்டில் இடுப்பு அடிபட விழுந்தேன். ஆபா வாணியம்பாடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். போன் உள்ளே மேஜை மேல். முன்கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், தெருவில் லாரி போகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பயந்தேன். அதை மறைக்கவில்லை. இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் விழுந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மெல்ல மல்லாந்து, கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தேன். பிறகு கால்விரலை ஆட்டினேன். ஆடியது. கணுக்கால், முழங்கால். இடுப்பை மெல்ல அசைத்தேன். வலித்தது, ஆனால் குத்தவில்லை. பாயில் படுக்கவைத்துச் சொல்லிக் கொடுத்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முதலில் ஒருக்களித்தேன். முழங்கையை ஊன்றினேன். அப்புறம் கையும் முழங்காலுமாக, தவழும் குழந்தை மாதிரி, துவைக்கிற கல் வரை போனேன். கல்லின் மேல் கைவைத்து, நல்ல காலை முன்னால் ஊன்றி, தரையைத் தள்ளினேன்.

எழுந்துவிட்டேன்.

அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தேன். நைட்டி முழுக்கச் சோப்பு. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்து, கொஞ்ச நேரம் இருந்து, போனது. பிறகு எதிர்வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போனேன். எலும்பில் ஒன்றும் இல்லை. தொடையில் ஒரு பெரிய கருநீலத் திட்டு மட்டும் வெகுநாள் இருந்தது.

மகன் அன்றே பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தான். வாசலில் நுழையும்போதே, "ஜிம்முக்குப் போய்தானே இப்டி ஆச்சு?" என்றான்.

"விழுந்தது சோப்புத் தண்ணியால. எழுந்ததுதான் ஜிம்மால."

பின்கட்டுக்குப் போய், நான் விழுந்த இடத்தையும் அந்தக் கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் அங்கே சொரசொரப்பான டைல் பதிக்க ஆள் கூட்டிவந்தான். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டான். கிளம்பும்போது என் கையிலிருந்த தன் பையை வாங்கப் போனவன், நிறுத்தி, "நீங்களே எடுத்துனு வர்றீங்களா?" என்று கேட்டான். தெருமுனை வரை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

இப்படியே ஏறிக்கொண்டே போயிருந்தால் கதை சொல்லச் சுலபமாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. கண்ணில் புரை என்று ஆபரேஷன் செய்தார்கள். குனியக்கூடாது, எடை தூக்கக்கூடாது, சொல்லும்வரை ஜிம் பக்கம் போகக்கூடாது என்றார்கள். சரி என்று இருந்தேன். அனுமதி கிடைத்துத் திரும்பிப் போனபோது, சர்வசாதாரணமாகத் தூக்கிய அந்த இரும்புக் குண்டு தரையில் ஒட்டிவைத்தது போல இருந்தது. மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவு நாள் சேர்த்தது இவ்வளவு சீக்கிரமா போகும்?

மாணவி பழைய கிலுகிலுப்பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "முதல்லேர்ந்து போலாம் டீச்சர்" என்றாள். போனோம். அப்போதுதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. முதல் தடவை மாதக்கணக்கில் பிடித்த தூரத்தை இந்தத் தடவை வாரங்களிலேயே கடந்துவிட்டேன். உடம்பு எதையோ மறக்காமல் வைத்திருந்தது போல.

வேலூர் பிசியோதெரபிஸ்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

"ஆமா மேடம், ஒரு தடவ கட்டின தசை மறுபடி சீக்கிரம் வரும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"அது எங்க ஞாபகம் வச்சிருக்கு? தசையிலயா, மூளையிலயா?"

"ரெண்டுலயும்னு சொல்றாங்க. முழுசா இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க" என்று சிரித்தார். "உங்கள மாதிரி கேள்வி கேக்கறவங்க எனக்கு ஜாஸ்தி இல்ல மேடம்."

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாத ஒன்று என் தொடைக்குள் நடக்கிறது.

முழங்கால் வலி முற்றிலும் போகவில்லை. மழை வருவதை இப்போதும் முழங்கால்தான் முதலில் சொல்லும். ஆனால் மாடிப்படியில் நடுவில் நிற்பதில்லை. தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். எழ ஒரு கையை மட்டும் ஊன்றுகிறேன். அரிசியைக் கடைக்காரர் வாசலில் வைத்தால் போதும். ஆபா ஒருநாள் தொழுகைப் பாயைத் தரையில் விரித்தாராம். நெற்றி தரையில் படும்வரை போய், யாரையும் கூப்பிடாமல் எழுந்தாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். உடனே, "மருமக பாத்துட்டா, அதான் எனக்குப் பெருமை" என்று சிரித்துச் சமாளித்தார்.

போன மாதம் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வலது கையால் தூக்குவதை இடது கையால் தூக்க முடியவில்லை. "ரெண்டும் என் கைதானே டீச்சர்? இது மட்டும் இன்னா பின்னாடியே நிக்குது?"

"மெஷின்ல இடது கை என்ன செய்யும் ஆபா?"

அவர் காற்றில் தைத்துக் காட்டினார். இடது கை தோலைச் சும்மா வழிகாட்டித் தள்ளுகிறது, இழுப்பதெல்லாம் வலது. எனக்கும் இடதுதான் மட்டம். ஆனால் நான் சாக்பீஸைத் தவிர வலது கையால் பெரிதாக எதையும் தூக்கியவள் இல்லை. அப்படியானால் காரணம் வேலையா, பிறவியா? மாணவியைக் கேட்டோம். இரண்டும் இருக்கலாம் என்றாள்.

அறிவியல் டீச்சருக்கு அது போதாது. ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஆபா பால், காய்கறி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் இடது கையால் மட்டும் தூக்குகிறார். நான் எப்போதும்போல வலது கையால். ஒப்பிட்டுப் பார்க்க ஒருத்தர் மாறாமல் இருக்க வேண்டுமே. இன்று காலை கேட்டின் வழியாகப் பார்த்தேன். கடையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆபா, இடது கைப் பையை வலது கைக்கு மாற்றுவதற்காக இரண்டு பக்கமும் திரும்பி ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"டீச்சர், ஒரே ஒரு நிமிஷம்தான். உருளக்கிழங்கு ஜாஸ்தியா போட்டுட்டான்!"

"இடது கை ஆபா, இடது கை" என்றேன்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே பையை இன்னொரு தடவை இறுக்கிப் பிடித்து, முதுகை நேராக்கி நடந்தார்.